பச்சை சொல்லும் முன்

ஜெர்லின் வண்டியை நிறுத்தியபோது மழை இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆனால் கடலுக்கு மேலே வானம் கறுத்துத் தாழ இறங்கி நின்றது. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம்தான். அதற்குள் பழைய துறைமுகத் தெருவில் கடைக்காரர்கள் விளக்கைப் போட்டுவிட்டார்கள். ஐப்பசியில் தூத்துக்குடிக்கு இது புதிதில்லை. வருஷமெல்லாம் வெயிலில் காய்கிற ஊர், இந்த ஒன்றிரண்டு மாதம்தான் குடையைத் தேடும்.

வந்த வேலை சின்ன வேலை. அவள் வேலை பார்க்கும் தோணிக் கம்பெனி போன வாரம் காலி செய்த பழைய ஆபீஸ் மாடியில் இருக்கும் கம்ப்யூட்டரில் யாரோ ஒரு ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அதை மூடிவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவே.

அந்த யாரோவின் பெயர்தான் அவளுக்குக் கொஞ்சம் இடித்தது. புது ஆபீஸில் உட்கார்ந்து அந்த ஃபைலைத் திறக்கப் போனபோது திரையில் ஒரு செய்தி வந்தது. இந்த ஃபைல் பூட்டப்பட்டிருக்கிறது. பயன்படுத்துபவர்: பிச்சையா.

பிச்சையா அண்ணாச்சி கடலோடு போய் ஆறு வருஷம் ஆகிறது.

'மெஷின் அவரு பேர்லயே கெடக்கும். முதலாளி கிளைட்டன் சார் ஆஃப் பண்ணாம விட்டிருப்பாரு' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கைப்பையில் சாவியைத் துழாவினாள். மனிதர்கள் பயப்படுவதற்கு முன்னால் கண்டுபிடிக்கிற காரணங்கள் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

தோணித் தொழில் தெரியாதவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தோணி என்றால் மரத்தில் கட்டிய பெரிய சரக்குக் கப்பல். சிமெண்ட், ஜல்லி, வெங்காயம் என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவு போய்வரும். எவ்வளவு ஏற்றலாம் என்பதில்தான் எப்போதும் சண்டை. தோணியின் தலைவரான தண்டலுக்குக் கண் அளவு. முதலாளிக்கு ஆசை அளவு. ஆசைக்குக் கண் கிடையாது என்பதால் நடுவில் ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் பிச்சையா.

பனங்காட்டு ஊரில் பிறந்து, கடல் பக்கம் பிழைக்க வந்து, கம்ப்யூட்டரைத் தானாகவே கற்றுக்கொண்ட மனிதர். எக்ஸெல்லில் இரண்டு ஃபைல் போட்டுவைத்தார். ஒன்றுக்குப் பெயர் 'பாரம்'. தோணியில் ஏறுகிற ஒவ்வொரு லோடும் அதில் ஏறும். மற்றது 'புறப்பாடு'. அது 'பாரம்' ஃபைலோடு லிங்க் ஆகி, எண்களைத் தானாக எடுத்து, மொத்தம் போட்டு, தோணி தாங்குமா என்று பார்க்கும். தாங்கினால் ஒரு கட்டம் பச்சையாகும். மீறினால் சிவப்பு. பச்சை வந்தால் ஆபீஸிலிருந்து துறைக்குப் போன் போகும்: "பச்சை." அந்த ஒரு வார்த்தை வராமல், அந்தக் கம்பெனித் தோணியில் எந்தத் தண்டலும் கயிறு அவிழ்க்க மாட்டார். மாதா கோவிலில் மெழுகுதிரி ஏற்றியாயிற்று, பெண்டாட்டி பிள்ளைகள் கரையில் நின்று கையசைத்தாயிற்று என்றாலும், பச்சை சொல்லியாச்சா என்றுதான் கேட்பார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பச்சை சொன்னவரும் பிச்சையாதான். சொல்லி முடித்து, தோணி துறையை விட்டுப் போன பிறகு, அது தப்பான பச்சை என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். போன் எட்டவில்லை. பொங்கிக்கிடந்த கடலில், கரையில் நின்ற ஒரு ஃபைபர் வள்ளத்தைத் தள்ளி, மோட்டாரை இழுத்துவிட்டு, தோணியைத் திருப்ப ஒற்றை ஆளாய்ப் போனார். தோணியின் பலகைகள் சில நாள் கழித்துக் கீழவைப்பார் கரையில் ஒதுங்கின. வள்ளமும் கிடைக்கவில்லை, பிச்சையாவும் கிடைக்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் பொட்டை அழிக்க மாட்டேன் என்று அவர் மனைவி இன்பமணி இன்றைக்கும் பொட்டோடுதான் இருக்கிறாள். கணக்கில் ஏதோ பிழை என்று ஊர் பேசியது. என்ன பிழை என்று ஜெர்லினுக்கு யாரும் சொன்னதில்லை. அவள் அந்தக் கம்பெனியில் சேர்ந்ததே அதற்குப் பிறகுதான்.

இன்று அவள் புருஷன் இனிகோ போகும் தோணி, 'அலங்கார மாதா', துறையில் கடைசி லோடு ஏற்றிக்கொண்டு நின்றது. காலையிலிருந்து துறையிலிருந்து வந்த லோடு சீட்டுகளையெல்லாம் அவள்தான் புது ஆபீஸில் 'பாரம்' ஃபைலில் ஏற்றினாள். ஆனால் 'புறப்பாடு' ஃபைலில் மொத்தம் அசையவே இல்லை. லிங்க் எங்கே போகிறது என்று திறந்து பார்க்கப்போனபோதுதான் அந்தப் பூட்டுச் செய்தி வந்தது. கிளம்பும்போது முதலாளி கிளைட்டனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

"சார், நான் போன் பண்ணுத வரைக்கும் பச்சை சொல்லிராதீங்க. ஷீட்ல ஏதோ கோளாறு இருக்கு."

சென்னையில் படித்துவிட்டு அப்பாவின் நாற்காலிக்கு வந்திருக்கும் கிளைட்டன், காதில் போனை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். அது அவளுக்கு ஆட்டிய தலையா, போனில் இருந்தவருக்கு ஆட்டிய தலையா என்று அவள் நின்று பார்க்கவில்லை.

கீழே சரக்குக் கிட்டங்கி, மேலே ஆபீஸ். மரப்படி. கிட்டங்கியில் கருவாடும் கயிறும் தாரும் கலந்த வாடை. அது அந்தக் கட்டடத்துக்கு உடம்பு வாடை மாதிரி, யாருக்கும் புதிதில்லை. மாடிக் கதவைத் திறந்ததும் வேறு ஒரு வாடை வந்தது. நீர் வற்றிய நேரத்தில் கரையோரச் சேறும் பாசியும் மணக்குமே, அந்த வாடை.

சுவிட்சைத் தட்டினாள். கரண்ட் இல்லை.

ஆபீஸ் காலியாகியிருந்தது. மேசை நாற்காலி எல்லாம் புது இடத்துக்குப் போய்விட்டன. கடல் பக்க ஜன்னலோரம் பிச்சையாவின் மேசை மட்டும் நின்றது. அதன்மேல் அவருடைய கம்ப்யூட்டர். எதிரே அவருடைய சக்கர நாற்காலி. இதை எடுக்கக்கூட எவனும் வரமாட்டான் என்று கிளைட்டன் விட்டுவைத்தது.

தரை ஈரமாக இருந்தது. ஜெர்லின் அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஒழுகின அடையாளம் இல்லை.

நாற்காலி மெத்தையும் நனைந்திருந்தது. விரலால் அழுத்தினாள். தண்ணீர் பொங்கி வந்து விரலைச் சுற்றி நின்றது. மூக்கருகே கொண்டுபோனாள். உப்பு.

இருந்தாலும் வந்த வேலையை முடிப்போம் என்று சிபியூவின் பொத்தானைத் தேடினாள். பெட்டிக்கு மேலே, அதன் கரண்ட் வயர் அழகாகச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வைக்கப்பட்டிருந்தது.

கிளைட்டனுக்குப் போன் போட்டாள்.

"சார், பழைய மெஷின் ஆன்லயா இருக்கு?"

"எது, பிச்சையா மெஷினா? அத போன வாரமே ஆஃப் பண்ணி வயரச் சுத்தி வச்சுட்டேனே. ஃபைல் எல்லாம் புது ஃபோல்டருக்குக் காப்பி பண்ணியாச்சு, இனி அது எதுக்கு? நீ அங்க என்ன..."

சிக்னல் போய்விட்டது. அதைத் தேடிக் கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

ஓடாத கம்ப்யூட்டரில் ஒருவர் ஃபைலைத் திறந்துவைத்திருக்கிறார்.

வெளியே மழை பிடித்தது. ஒரே அடியாகப் பிடித்தது. ஜன்னலுக்கு அப்பால் துறையும் தோணிகளும் மங்கின. மாடிக்குள் இருட்டு சேர்ந்தது. மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. முதலில் அது கூரையில் விழும் துளி என்றுதான் ஜெர்லின் நினைத்தாள்.

டக். டக் டக். டக்.

துளி இப்படி நின்று யோசித்து விழாது.

கீபோர்டு.

அவள் திரும்பவில்லை. திரும்பக்கூடாது என்று கழுத்து சொன்னது. கதவு எதிரே திறந்துதான் கிடந்தது; ஓடியிருக்கலாம். ஆனால் முன்னால் இருந்த சுவரில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. பின்னால் திரை எரிகிற வெளிச்சம்.

திரும்பினாள்.

நாற்காலியில் யாரும் இல்லை. மெத்தை மட்டும், ஆள் உட்கார்ந்தால் அமுங்குவது போல அமுங்கியிருந்தது. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. சுற்றிவைத்த வயர் சுற்றியபடியே கிடக்க, திரையில் 'பாரம்' ஃபைல் திறந்திருந்தது. அலங்கார மாதா. ஒரு வரி முடிந்து, அடுத்த வரிக்குக் கட்டம் இறங்கியது. எண் விழுந்தது. சீட்டு நம்பர் விழுந்தது. சிமெண்ட் என்று விழுந்தது.

கையில் இருந்த போன் அதிர்ந்ததும் ஜெர்லின் கத்தியேவிட்டாள்.

துறையில் சீட்டுப் போடும் இசக்கிராஜாதான். நெட் கிடைக்காமல் தேங்கிக் கிடந்த சீட்டுப் படத்தை இப்போது அனுப்பியிருந்தான். அவள் படத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அதே நம்பர், அதே எடை.

திரையில் அடுத்த வரி விழுந்தது. ஜல்லி.

அது விழுந்து முடிந்த பிறகுதான் போன் மறுபடி அதிர்ந்தது. ஜல்லிச் சீட்டு.

இன்னும் ஒரு வரி. சிமெண்ட். அப்புறம்தான் அந்தச் சீட்டின் படம்.

பயத்தில் ஜெர்லினுக்கு ஜெபம்கூட வரிசையாக வரவில்லை. அருள்நிறைந்த மரியே என்று ஆரம்பித்து அதிலேயே நின்றாள். அவள் கண் முன்னால் எண்கள் ஏறி முடிந்தன. திரை தானாக மாறி 'புறப்பாடு' ஃபைலுக்கு வந்தது. மொத்தம் கூடியது. கடைசிக் கட்டம் ஒரு கணம் வெறுமையாக இருந்தது.

பிறகு சிவந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கிளைட்டன் ஃபைல்களைக் காப்பிதான் எடுத்தான். ஃபைல் புது ஃபோல்டருக்கு வந்துவிட்டது, லிங்க் வரவில்லை. புது ஆபீஸில் இருக்கும் 'புறப்பாடு', பக்கத்திலேயே இருக்கும் புதுப் 'பாரத்தை' விட்டுவிட்டு, இந்தச் செத்துப்போன மெஷினைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது. மெஷின் ஓடாததால் கடைசியாகத் தெரிந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கிறது. போன வாரத்து எண். தோணியில் பாதிகூட ஏறாத நாளின் எண். அவள் காலையிலிருந்து ஏற்றிய சீட்டெல்லாம் யாருமே பார்க்காத ஃபைலில் கிடக்கிறது.

போன வாரத்து எண்ணுக்கு, கட்டம் பச்சையாகத்தான் இருக்கும்.

மறுபடி கிளைட்டனைக் கூப்பிட்டாள்.

"சார், பச்சை சொல்லிட்டீங்களா?"

"அப்பவே சொல்லியாச்சே. நீ கிளம்பின கொஞ்ச நேரத்துல போன் வந்துச்சு. அப்டேட் பண்ணவான்னு ஏதோ கேட்டுச்சு, வேண்டாம்னு குடுத்தேன். அழகா பச்சை. நெறைய இடம் இருக்குன்னு காட்டுச்சேன்னுதான் காலைல கூட ரெண்டு லாரி சிமெண்டும் அனுப்பினேன். தண்டல்தான், தாழ்ந்த மாதிரி இருக்குன்னு மொனகினாரு. ஷீட் சொல்லுது, போங்கன்னேன். ஏன், என்னாச்சு?"

பதில் சொல்ல அவள் நிற்கவில்லை. ஜன்னலுக்கு ஓடினாள். துறையில் அலங்கார மாதா நின்ற இடம் காலியாக இருந்தது. தூரத்தில், அலைத்தடுப்புக் கல்லைத் தாண்டி, மழைக்குள் ஒரு பாய்மரம் கரைந்துகொண்டிருந்தது. இனிகோவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சாவதானமாகச் சொன்னாள்.

காலையில் அவனோடு சண்டை போட்டிருந்தாள். துவைக்காத சட்டைக்காக. அதுதான் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது, நெஞ்சை அறுத்தது.

கீபோர்டுச் சத்தம் நின்றிருந்தது.

சேற்று வாடை பக்கத்தில் வந்தது. மிகப் பக்கத்தில். அவள் வலது தோளுக்குப் பின்னால், தண்ணீர் நிரம்பிய தொண்டையிலிருந்து வருவது போல, மெதுவாக ஒரு குரல்.

"ஏளா... பச்சை சொல்லிட்டாவளா?"

ஜெர்லின் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"சொல்லிட்டாவ, அண்ணாச்சி" என்றாள். வாய்தான் சொன்னது. "என் வீட்டுக்காரரு அதுல போறாரு, அண்ணாச்சி."

ஒரு மூச்சு. அவள் கழுத்தில் பட்டது. ஐஸ் பெட்டியைத் திறந்த குளிர்.

நாற்காலி படாரென்று பின்னால் உருண்டு சுவரில் மோதியது. கண்ணைத் திறந்தாள். திரை அணைந்திருந்தது. மேசையிலிருந்து கதவை நோக்கி, தரையில் ஈரக் காலடிகள் ஒவ்வொன்றாகத் தோன்றிக்கொண்டே போயின. ஓடுகிற ஆளின் காலடி, முன்பாதம் மட்டும் பதிந்தது. மரப்படி தடதடவென்று அதிர்ந்தது. கிட்டங்கிக் கதவு தானாக அடித்தது.

பிறகு கீழே, எந்த வள்ளமும் கட்டியிராத வெறும் கரையிலிருந்து, மோட்டார் இழுக்கும் சத்தம். ஒரு இழுப்பு. இரண்டாவது இழுப்பு. பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் மழையைக் கிழித்துக்கொண்டு கடல் பக்கம் போய்த் தேய்ந்தது.

துறைக்கு அவள் எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இசக்கிராஜா சீட்டுக் கொட்டகையிலிருந்து ஓடிவந்து அவளைப் பிடித்து நிறுத்தினான்.

"என்னக்கா, இப்படி நனைஞ்சு வாரிய? என்னாச்சு?"

"தோணியத் திருப்பணும்டா. பாரம் கூடுதலு. பச்சை தப்பு. ஷீட்டு பழைய ஃபோல்டரப் பாக்குது."

இசக்கிராஜாவின் முகம் செத்துவிட்டது. வயர்லெஸ்ஸை எடுத்து அலங்கார மாதாவைக் கூப்பிட்டான். இரைச்சல்தான் வந்தது. துறைமுகத்துக்குச் சொன்னான், கடலோரக் காவலுக்குச் சொல்கிறோம், மழை விடட்டும் என்றார்கள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிய பிறகு, கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்துகொண்டான்.

"அன்னைக்கும் இதே கததான்க்கா" என்றான் மெதுவாக. "புதுசா ஒரு டிரைவ் வாங்கி, ஃபைல எல்லாம் அதுக்கு மாத்துனாவ. பழசயும் அழிக்கல. ஷீட்டு பழசயே பாத்துட்டு இருந்துருக்கு. அண்ணாச்சி கண்டுபிடிக்கதுக்குள்ள தோணி போயிட்டு. நா இந்தா இங்கனதான் நின்னேன். வள்ளத்தத் தள்ளாதீய அண்ணாச்சின்னு கையப் புடிச்சேன். என் வாயால பச்சை சொன்னேன்லே, என் வாயால போயி இல்லன்னு சொல்லணும்லான்னு உதறிட்டுப் போனாரு."

ஜெர்லினுக்கு, மாடியில் கண்டதைச் சொன்னால் தனக்கே அது உண்மையாகிவிடும் என்று பயமாக இருந்தது. இருவரும் கடலைப் பார்த்து நின்றார்கள். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. வெள்ளையாக மழை மட்டும். அவள் வாய்க்குள் ஒரே ஒரு வார்த்தை ஓடிக்கொண்டிருந்தது. திருப்பிரு, திருப்பிரு, திருப்பிரு.

மாதாவைக் கேட்டாளா, பிச்சையாவைக் கேட்டாளா, அவளுக்கே தெரியவில்லை.

இசக்கிராஜாதான் முதலில் பார்த்தான். "அக்கா!" என்றான்.

மழைக்குள் ஒரு கறுப்பு கெட்டியானது. மூக்கு தெரிந்தது, பாய்மரம் தெரிந்தது. அலங்கார மாதா. விளிம்புவரை தாழ்ந்து, ஒவ்வொரு அலைக்கும் தளம் நனைய, கர்ப்பிணி நடப்பது போல மெல்லத் துறைக்குள் வந்தது. கயிறு விழுந்ததும் முதல் ஆளாக இனிகோ குதித்தான். ஜெர்லின் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும், சத்தமாக அழுதாள்.

"ஏளா, அழாத. ஒண்ணுமில்ல, வந்துட்டோம்லா" என்றான் இனிகோ. "கல்லு தாண்டுனதுமே தண்ணி உள்ள ஏற ஆரம்பிச்சிட்டு. பம்பு எறைக்க எறைக்க அடங்கல. இருந்தாலும் பச்சை சொல்லியாச்சே, போயிரலாம்னுதான் தண்டல் நின்னாரு. நல்லவேள, நீ ஆள் அனுப்புன."

"நானா?"

"பொறவு? வள்ளத்துல ஒத்தையா ஒரு ஆளு வந்தாருல்லா. அந்தக் கடல்ல எப்படி வந்தாருன்னே தெரியல. முழுக்க நனைஞ்சு, வெள்ள வேட்டி, சட்டைப் பையில பேனா. எங்களுக்கு ஒட்டி வந்து, ரெண்டு கையயும் தூக்கி, பச்சை இல்லலே, செவப்பு, திருப்புங்கலேன்னு ஒரே கத்து. தண்டலு அவரப் பாத்ததும் வெளிறிப் போயிட்டாரு. சுக்கான ஒடிச்சுத் திருப்பிட்டாரு. திரும்புனப்பொறம் பாத்தா ஆளயும் காணோம், வள்ளத்தயும் காணோம். கரைக்கு வந்துட்டாரா?"

தண்டல் தோணியின் மேலேயே நின்றார். அவர் ஆறு வருஷத்துக்கு முன்னால் பிச்சையாவோடு சேர்ந்து டீ குடித்தவர். கடலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டதையும் ஜெர்லின் பார்த்தாள்.

கிளைட்டன் அன்று சாயங்காலம் துறைக்கு வந்து, இறக்கிவைத்த சிமெண்ட் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். அதற்குமுன் அவன் துறையில் அவ்வளவு நேரம் நின்றதை யாரும் கண்டதில்லை. "ஃபைல் விஷயம் இனி நீ சொல்றதுதான், ஜெர்லின்" என்றான். கெட்டிக்காரன்தான்; வளர்ப்பும் மோசமில்லை. காப்பி எடுப்பதும் குடிபெயர்வதும் ஒன்றென்று நினைத்ததுதான் அவன் செய்த தப்பு.

மறுநாள் பழைய கம்ப்யூட்டரைப் புது ஆபீஸுக்குக் கொண்டுபோக ஜெர்லினும் இசக்கிராஜாவும் வந்தார்கள். நல்ல வெயில். தரை காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இசக்கிராஜா சிபியூவைத் தூக்கினான். அதன் அடியிலிருந்து ஈர மணல் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. மேசையில் ஒரு சின்னக் குவியல் சேர்ந்தபிறகுதான் நின்றது.

அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றினான்.

"எங்க பக்கத்துல, ஊரு விட்டுப் போறவங்க சாமிய அப்படியே விட்டுட்டுப் போவ மாட்டாவக்கா. கோவில்ல இருந்து ஒரு கைப்பிடி மண்ணு எடுத்து, துணில கட்டி, புது ஊர்ல கொண்டு வைப்பாவ. பிடிமண்ணும்போம். அத எடுக்காமப் போனா, நாம அங்கன இருப்போம், சாமி இங்கனயே இருக்கும். நம்மளக் காணாமத் தேடிட்டே இருக்கும்."

"எங்களுக்கு அந்தப் பழக்கம் கெடயாது" என்றாள் ஜெர்லின்.

ஆனால் அந்த மணலைத் தட்டிவிட அவளுக்குக் கை வரவில்லை. ஒரு பிடி அள்ளி, கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். புது ஆபீஸில் அவள் மேசைமேல் ஒரு மணி பிளாண்ட் தொட்டி இருந்தது. அதில் போட்டு, மேலே மண்ணைத் தள்ளி மூடினாள். யாரும் பார்க்கவில்லை.

பிறகு உட்கார்ந்து, செய்யவேண்டியதை முறையாகச் செய்தாள். பழைய மெஷினை ஓடவைத்து, இரண்டு ஃபைலையும் ஒரே நேரத்தில் திறந்தாள். 'புறப்பாடு' திறந்திருக்கும்போதே 'பாரம்' ஃபைலைப் புது ஃபோல்டரில் சேவ் ஆஸ் கொடுத்தாள். லிங்க் கண் முன்னாலேயே பழைய இடத்தை விட்டுப் புது இடத்துக்குத் திரும்பியது. அடுத்து 'புறப்பாட்டையும்' அங்கேயே சேமித்தாள். ஒரு பொய் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். அங்கே மாறியது இங்கேயும் மாறியது. பழைய பிரதிகள் ஒன்றுவிடாமல் அழித்தாள். மெஷின் பழைய சாமான் கடைக்குப் போயிற்று. அதை உடைத்து இரும்பும் பிளாஸ்டிக்கும் தனித்தனியாகப் பிரித்ததை இசக்கிராஜா நேரில் பார்த்துவிட்டு வந்தான்.

இனி பிச்சையா என்ற பெயர் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை.

மழை விட்டு, கடல் அமர்ந்த ஒரு காலையில், அலங்கார மாதா மறுபடி புறப்படத் தயாராக நின்றது. இனிகோ துவைத்த சட்டையோடு போயிருந்தான். கடைசிச் சீட்டு வந்ததும் அதை ஏற்றிவிடலாம் என்று ஜெர்லின் 'பாரம்' ஃபைலைத் திறக்கப் போனாள்.

திறக்கவில்லை. திரையில் செய்தி வந்தது.

இந்த ஃபைல் பூட்டப்பட்டிருக்கிறது. பயன்படுத்துபவர்: பிச்சையா.

ஏசி ஓடிக்கொண்டிருந்த கண்ணாடி அறைக்குள், வற்றிய கரையின் சேற்று வாடை மெல்ல வந்தது. தொட்டியின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, மேசை விளிம்புவரை ஓடி, சொட்டத் தொடங்கியது. அவள் இன்று அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

உள்ளறையிலிருந்து கிளைட்டன் எட்டிப் பார்த்தான். "ஜெர்லின், துறையிலருந்து கேக்குறாங்க. பச்சை சொல்லிரலாமா?"

அவள் வாய் திறப்பதற்குள், வலது தோளுக்குப் பின்னால் அந்தக் குளிர்ந்த மூச்சு பட்டது. அவள் திரும்பவில்லை. கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

"இல்ல சார்" என்றாள். "இன்னும் பாத்து முடிக்கல."

"யாரு?"

பக்கத்தில் இருந்த காலி நாற்காலியின் மெத்தை மெல்ல அமுங்கியது.